மூணு மணிக்கு வாங்க

கதவைத் திறந்ததும் அவள் முதலில் பார்த்தது இரண்டு பாதங்களைத்தான். படுக்கையறைத் தரையில் ஒருவன் குப்புறப் படுத்து, காதைத் தரையோடு ஒட்டி வைத்து, ஒற்றை விரலால் டொக்... டொக்... என்று தட்டிக்கொண்டிருந்தான்.

நாலாவது மாடி. பூட்டிய வீடு. சாவி அவள் கையில். அப்படியானால் இவன் யார்?

யோசிப்பதெல்லாம் அவளுக்கு எப்போதும் அப்புறம்தான். சட்டென்று அறைக் கதவை இழுத்துச் சாத்தி, வெளித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டாள்.

"ஹலோ! யாருங்க அது? கதவைத் திறங்க!"

"முதல்ல நீங்க யாருன்னு சொல்லுங்க. பூட்டின வீட்டுக்குள்ள என்ன வேலை?"

"டைல்ஸுக்கு அடியில எங்கயாவது காலியா சத்தம் கேக்குதான்னு பார்த்துட்டிருக்கேன். நான்தாங்க இந்தக் கட்டடத்தோட இன்ஜினியர். என்கிட்டயும் ஒரு சாவி இருக்கு!"

தாழ்ப்பாளுக்குப் போன அவள் கை பாதியில் நின்றது.

"அப்ப... இந்த ரூமுக்கு மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி ஜன்னல் வச்சது?"

"நான்தான்!" குரலில் பெருமை வேறு.

"நல்லதாப் போச்சு. இப்ப மணி மூணு. ஒரு பத்து நிமிஷம் உள்ளயே இருங்க. நீங்க கட்டின ரூம்தானே... அனுபவிங்க."

பத்து நிமிடம் என்பது சும்மா மிரட்டல். நாலாவது நிமிடமே மனசு கேட்காமல் திறந்துவிட்டாள். சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, வேர்வை வழிய, மூக்கு சிவக்க நின்றான். கோபத்தில் இருந்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கண்கள்... பிறவியிலேயே சிரிக்கிற கண்கள். இப்படிக் கண்ணை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் கோபப்பட்டால் யார்தான் பயப்படுவார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதற்காகத் தன் மேலேயே எரிச்சலும் வந்தது.

"நீங்க யாரு?" என்றான்.

"வீடு காட்டறவ. இந்தக் கட்டடத்துல விக்காம நிக்கிற இந்த ஒரே ஒரு வீட்டை வித்தாகணும்னு இருக்கறவ."

"ஓ... அந்த 'மூணு மணி' நீங்கதானா!"

அவளுக்கு அந்தப் பட்டப்பெயர் வந்த கதை இதுதான். நாளுக்கொரு மாடி எழும்புகிற அந்த நகரத்தில், கோடை வந்தால் வீட்டுத் தரகர்கள் அத்தனை பேரும் காலை பத்து மணிக்குள் வீட்டைக் காட்டி முடித்துவிடுவார்கள். மேற்கு வெயில் இறங்காத நேரம், சுவர் ஆறியிருக்கும், ஜன்னலில் காற்று வரும்... வாங்குகிறவர் மயங்கிவிடுவார். இவள் மட்டும் எல்லாரையும் பிற்பகல் மூன்று மணிக்கு வரச்சொன்னாள். "கோடையில மூணு மணிக்குப் பிடிச்ச வீடு வருஷம் பூராப் பிடிக்கும்" என்பாள். பிழைக்கத் தெரியாத பெண் என்று தொழிலில் உள்ளவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். யாரோ ஒரு தரகர் காலை பத்து மணிக்குக் காட்டி விற்ற ஒரு மொட்டை மாடி வீட்டில்தான் அவள் வளர்ந்தாள். கோடை மதியங்களில் அம்மா ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, வீட்டுக்குள் இருக்க முடியாமல் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பாள். அதை அவள் மறக்கவில்லை, மறக்கிற உத்தேசமும் இல்லை.

தரகு ஆபீஸ் அவளுடைய சித்தப்பாவுடையது. அவர் அன்று காலைதான் கறாராகச் சொல்லியிருந்தார்.

"இதோ பாரும்மா, இந்த மாசத்துக்குள்ள அந்த நாலாவது மாடியை முடிச்சுக் குடு. இல்லைன்னா சாவிக்கொத்தை மேஜையில வச்சுட்டு, ஃபேனுக்குக் கீழ உக்காந்து போன் எடு. வீடு காட்டற வேலையை வேற ஆளுக்குக் குடுத்துடறேன்."

போன் எடுப்பதா? நாலு வருடம் வெயிலில் அலைந்து, நகரத்தின் ஒவ்வொரு தெருவையும் கால்களால் கற்றுக்கொண்டது போன் எடுக்கவா? முடித்துக் காட்டுகிறேன் என்று வந்துவிட்டாள். வந்த இடத்தில்தான் இவன்.

அடுத்த ஒரு வாரம் இருவருக்கும் தினம் சண்டை. மூன்று மணிக்கு அவள் யாரையாவது கூட்டி வருவாள். வந்தவர்கள் படுக்கையறை வாசலிலேயே கைக்குட்டையை எடுப்பார்கள், "யோசிச்சுச் சொல்றோம்" என்று இறங்கிப் போவார்கள். மொட்டை மாடியில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும் இன்ஜினியர் தடதடவென்று இறங்கி வருவான்.

"காலையில கூட்டிட்டு வந்தா உங்க தலையில இருக்கற கிரீடம் இறங்கிடுமா?"

"காலையில வந்துட்டு, மதியம் எங்க போய் இருப்பாங்க? உங்க வீட்டுக்கு வரட்டுமா?"

"வீட்டுல ஒண்ணும் சூடு இல்லைங்க. உங்க வாயிலதான் சூடு."

"அப்ப சரி, ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் காட்டறேன். நிலா வெளிச்சத்துல நல்லா ஜிலுஜிலுன்னு இருக்கும்!"

சிரித்துவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போவான். இவளும் அவன் போகிற வரைக்கும் முகத்தை இறுக்கமாக வைத்திருப்பாள்... அப்புறம் முடியாது.

ஒருநாள் கேட்டேவிட்டாள். "அவ்வளவு படிச்சவர், மேற்குப் பக்கம் இப்படி ஒரு ஜன்னலை எதுக்கு வச்சீங்க?"

அவன் ஜன்னலருகே போய் நின்றான்.

"நான் படிச்சது, தூங்கினது எல்லாம் ஜன்னலே இல்லாத ஒரு உள் ரூம்லங்க. மணி என்னன்னு பார்க்கணும்னாகூட வெளியில ஓடணும். முதல் தடவையா நானே வரைஞ்ச கட்டடம் இது. இங்க இருக்கறவங்க படுத்துக்கிட்டே வானத்தைப் பார்க்கட்டும்னு நினைச்சேன். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒருநாள் வந்து பாருங்க..."

அவளுக்கு நெஞ்சு இளகிவிட்டது. இளகியதைக் காட்டினால் தொழில் என்னாவது?

"அழகாத்தான் இருக்கு. ஆனா சுடுது."

அவன் முகம் விழுந்துவிட்டது. அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

மாதம் முடியப் பத்து நாள் இருந்தபோது ஒரு தம்பதி வந்தார்கள். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ், கணவன் பள்ளிக்கூட ஆசிரியர். மூன்று மணிக்கு வரச்சொல்லியிருந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று சித்தப்பாவும் கூடவே வந்துவிட்டார்.

இரண்டரைக்கு வானம் கறுத்தது. சடசடவென்று கோடை மழை... மண் வாசனை மாடிவரைக்கும் ஏறி வந்தது. படுக்கையறைக் கண்ணாடியில் நீர் வழிந்து ஓட, சுவரெல்லாம் குளிர்ந்து, அந்த அறை அவ்வளவு இதமாக அவள் பார்த்ததே இல்லை.

நர்ஸ் அப்படியே ஜன்னல் பக்கம் நின்றுவிட்டாள். "எவ்வளவு குளுகுளுன்னு இருக்கு! எனக்கு நைட் டியூட்டிதான் அதிகம். பகல்லதான் தூங்குவேன். இந்த ரூம் ஒண்ணு போதும் எனக்கு."

"எடுத்துக்கலாம்" என்றார் கணவர்.

சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. அவர் இவளைப் பார்த்தார், பேசாமல் இரு என்று அந்தப் பார்வையிலேயே எழுதியிருந்தது. மூன்று மணிக்குத்தானே காட்டியிருக்கிறாள்... சொன்ன சொல் தவறவில்லையே... மழை வந்தால் அவளா பொறுப்பு? அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு நிமிஷம்."

வாசலில் நனைந்த தலையோடு இன்ஜினியர்.

"இன்னைக்கு மழைங்க. அதான் இப்படி இருக்கு. வெயில் நாள்ல மத்தியானம் இந்த ரூம்ல தூங்க முடியாது. நான் வரைஞ்சதுல தப்பு இருக்கு. பத்து நாள் குடுங்க, சரி பண்ணிடறேன். வெயில் அடிக்கிற நாளாப் பார்த்து மறுபடியும் மூணு மணிக்கு வாங்க. பிடிச்சா மட்டும் எடுத்துக்குங்க."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், "சரி... வர்றோம்" என்று இறங்கிப் போனார்கள். சித்தப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"கை நழுவிப் போச்சு! அவங்க இனிமே எங்க வரப்போறாங்க? நீ போன் எடுக்கப் பழகிக்கோ."

அவள் காதில் எதுவும் விழவில்லை. தன் வாயால், நாலு பேர் முன்னால், தன் முதல் கட்டடத்தைக் குறை சொன்னவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் அழுகிற ஜாதி இல்லை, ஆனாலும் வந்தது.

மறுநாளிலிருந்து வேலை பறந்தது. மொட்டை மாடி முழுக்க வெள்ளை டைல்ஸ். ஜன்னலுக்கு மேல் அகலமான சன்ஷேட். கண்ணாடிக்கு வெளியே சாய்வாக மரச்சட்டங்கள், வெயிலை மறிக்கும், வானத்தை மறிக்காது. சட்டங்களின் சாய்வு சரியில்லை என்று இரண்டு தடவை கழற்றி மாட்டினான். அவள் தினமும் மூன்று மணிக்கு வந்து, அந்த அறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அங்கிருந்தே போன் பேசி வேலை பார்த்தாள்.

"இப்ப எப்படி?" என்று எட்டிப் பார்ப்பான்.

"சுடுது."

"இப்ப?"

"கொஞ்சம் தேவலை. உடனே பல்லைக் காட்டாதீங்க, இன்னும் சுடுது."

ஒன்பதாவது நாள் அவன் எட்டிப் பார்த்தபோது பதில் வரவில்லை. போன் மடியில் கிடக்க, தலை ஒரு பக்கம் சாய, 'மூணு மணி' அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வெளியே வெயில் கொளுத்தியது. அவன் மாடிக்கு ஓடி, "சத்தம் போடாதீங்கப்பா, ரூம் பாஸாயிடுச்சு!" என்று ஆட்களிடம் கிசுகிசுத்தான்.

நர்ஸும் கணவரும் சொன்னபடி வந்தார்கள், மாதக் கடைசி நாளில், மண்டையைப் பிளக்கும் வெயிலில், சரியாக மூன்று மணிக்கு. நர்ஸ் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். கதவைச் சாத்திக்கொண்டு கால் மணி நேரம் தனியாக உள்ளே இருந்தாள். வெளியே கணவர், சித்தப்பா, அவள், இன்ஜினியர் என்று நாலு பேரும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எடுத்துக்கறோம்," என்றாள் வந்து. "குறையைத் தானே சொல்லி, தானே சரி பண்ணிக் குடுக்கறவர் கட்டின வீடு. வேற என்ன வேணும்?"

சித்தப்பா மேளம் கொட்டாத குறைதான். அவர்களை அழைத்துக்கொண்டு கையெழுத்துப் போட ஆபீஸுக்குப் பறந்தார். போகிற போக்கில், "சாவிக்கொத்து உன்கிட்டயே இருக்கட்டும்!" என்று கத்திவிட்டுப் போனார்.

அவளும் இன்ஜினியரும் மட்டும் மிஞ்சினார்கள். ஜெயித்துவிட்டாள். ஆனால் மனசுக்குள் ஒன்று பத்து நாளாக முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்தது. அதைச் சொல்லாமல் இவனிடம் வேறெதையும் சொல்வதில்லை என்று தீர்மானித்திருந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு மழையில... நான் சொல்ல வர்றதுக்குள்ள நீங்க முந்திக்கிட்டதா நினைச்சுட்டிருப்பீங்க. இல்ல. நான் சொல்றதாவே இல்ல. அந்தப் பொண்ணு பகல்ல தூங்கறவன்னு தெரிஞ்சும்... வித்தாப் போதும்னு வாயை மூடிட்டு நின்னேன். என்னைப் பெரிய நேர்மைக்காரின்னு நினைச்சிருந்தா... மாத்திக்குங்க."

"தெரியும்" என்றான் அவன் மெதுவாக.

"தெரியுமா?"

"என்கிட்ட அத்தனை சண்டை போட்டீங்களே, ஒருநாளாவது தரையைப் பார்த்துப் பேசியிருக்கீங்களா? அன்னைக்குத் தலையே நிமிரல. இவங்க இதை வித்துட்டு வீட்டுக்குப் போய் அழுவாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. நீங்க அழறதுக்கு, நான் தோத்துட்டுப் போறது மேல்னு தோணுச்சு... சொல்லிட்டேன்."

அவள் அவனையே பார்த்தாள். இவ்வளவு தெரிந்தும், பத்து நாள், ஒரு வார்த்தை குத்திக் காட்டாமல்...

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு," என்றாள். "ரொம்பப் பிடிச்சிருக்கு. என்னைக் கட்டிக்கிறீங்களா?"

இன்ஜினியர் திணறிப்போனான். "நான்... நான்தான் இன்னைக்குக் கேக்கணும்னு... காலையிலேர்ந்து மாடியில தனியாப் பேசிப் பார்த்துட்டிருந்தேன்..."

"அதெல்லாம் அப்புறம் பேசிக் காட்டுங்க. இப்பப் பதில் சொல்லுங்க."

"கட்டிக்கிறேன்" என்றான். அவ்வளவு பெரிய கட்டடத்தை நடுங்காமல் கட்டியவனுக்கு, அந்த ஒரு வார்த்தைக்குக் குரல் நடுங்கியது.