பன்னிரண்டு மணித் தண்ணீர்

நியேவெஸ் அலறினாள்.

சுரங்கத்தின் வளைவில், கம்பித் தடுப்பில் சிக்கிக் கிடந்தது ஓர் எலும்புக்கூடு. மண்டையோடு சேர்த்து வாரால் இறுக்கிய சிவப்பு ஹெல்மெட். அதில் வெள்ளைப் பெயின்ட்டில்... க்ரிஸ்பின்.

"என் தம்பி..."

"ஆமா. உன் தம்பிதான்," என்றான் பசிலியோ.

குரலில் துளி ஆச்சரியம் இல்லை.

அறுபத்திரண்டு வயது. இந்த நீர்மின் நிலையத்துச் சுரங்கங்களில் முப்பத்தோரு வருடம் உழைத்தவன். நிலையத்தை மூடிய பிறகும் இதன் சந்துபொந்தெல்லாம் அத்துப்படியான ஆள் இந்த மெக்சிகோ மலையூரில் அவன் ஒருத்தன்தான். எட்டு மாதமாய்க் காணாமல் போன தம்பியைத் தேடி புவேப்லா நகரிலிருந்து வந்தவள், அவனைத்தான் வழிகாட்டக் கூப்பிட்டாள்.

நல்ல ஆளாய்ப் பார்த்துக் கூப்பிட்டாள்!

"தெரிஞ்சேதான் கூட்டிட்டு வந்தியா?"

"பாழடைஞ்ச எடத்தை ஃபோட்டோ புடிக்க வந்தவன் அதோட நிறுத்தியிருக்கணும். நான் ஜெனரேட்டர்லேர்ந்து செம்புக்கம்பி உருவறதையும் புடிச்சான். கேமராவக் குடுடான்னேன். சிரிச்சான்."

"அதுக்காகக் கொன்னியா?"

"நான் எங்க கொன்னேன்? அவனாத் தனியா உள்ள போனான். நான் வெளிய நின்னு கதவைப் பூட்டினேன். மிச்சத்தைத் தண்ணி பாத்துக்கிச்சு."

நியேவெஸ் கல்லை எடுத்து வீசினாள். அவன் நெற்றியை உரசிப் போனது. ஒரே தள்ளு... சேற்றில் விழுந்தாள். எழுவதற்குள் அவன், மலைச்சரிவுக்குத் திறக்கும் காற்றுக் குழியில் முன்பே தொங்கவிட்டிருந்த கயிற்று ஏணியில் ஏறி, ஏணியையும் மேலே இழுத்துக்கொண்டான்.

"இன்னிக்கு என்ன கிழமை, பொண்ணே?"

அவள் வழுக்கும் சுவரில் ஏறப் பார்த்தாள்.

"செவ்வாய். நிலையம் செத்துப்போனாலும் அணையில வண்டல் சேருதில்ல? செவ்வாய்க்கிழமை பன்னெண்டு மணிக்கு ஷட்டரைத் தொறந்து, இந்தச் சுரங்கம் வழியாத்தான் அடிச்சு விடுவாங்க. இப்ப மணி பதினொண்ணு."

"நீ நல்ல சாவே சாவ மாட்ட!"

"நீ முதல்ல போ. நான் மெதுவா வரேன்."

பசிலியோ மலைச்சரிவில் வெளியே வந்து, மூச்சு விட்டான். எல்லாம் கணக்காய்ச் செய்திருந்தான். ஷட்டர் காவலன் செனோபியோ பத்து மணிக்குச் சாப்பிடப் போனதைப் பார்த்துத்தான் அவளைக் கூட்டி வந்தான். சுரங்க வாசலில், சுரங்கத் தொழிலாளரின் காவல் புனிதை சாந்தா பார்பராவின் மாடத்தின் முன் வழக்கம்போல நின்று கும்பிட்டு, கை பழகிய வேலையை முடித்து, உள்ளே போய் இரும்புக் கதவைப் பூட்டினான். சாவி இப்போது ஆற்றில். ஒரு ஈ, காக்கா பார்க்கவில்லை.

பதினொன்றரைக்கு மதுக்கடையில் இருந்தான். ஒரு குவளை புல்கே கள் வாங்கினான். நாலு பேர் காதில் விழும்படி தக்காளி விலையைத் திட்டினான்.

பன்னிரண்டு. ஊர்ச் சைரன் ஊதியது.

மறு நிமிடம், சுரங்கத்தில் தண்ணீர் பாயும் அதிர்வில் அலமாரியில் கிளாஸ்கள் கிடுகிடுக்க வேண்டும். செவ்வாய் தவறாமல் கிடுகிடுக்கும்.

இன்று அசையவில்லை.

பன்னிரண்டு பத்து... பன்னிரண்டு இருபது... பசிலியோ குவளையைப் பாதியில் வைத்தான். எழுந்து அணைக்கு ஓட்டமும் நடையுமாய்ப் போனான்.

சுரங்க வாசலில் பாதி ஊர் நின்றது. செனோபியோ ஓடி வந்து அவனைக் கட்டிக்கொண்டான். கண்ணெல்லாம் தண்ணீர்.

"அண்ணே! நீ உள்ள இல்லையா?"

"நான் எதுக்குப்பா உள்ள போறேன்? இந்தப் பக்கம் வந்தே ஆறு மாசமாச்சு. ஏன் ஷட்டரைத் தொறக்கல?"

"ஆள் உள்ள இருக்கப்ப எப்படித் தொறப்பேன்?"

செனோபியோ மாடத்தின் பக்கம் கை காட்டினான்.

மாடத்தின் கீழே மரப்பலகை. உள்ளே போகிறவன் தன் நம்பர் பொறித்த பித்தளை வில்லையை அதில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். திரும்பும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு வில்லை தொங்கினாலும் ஷட்டரைத் தொடக் கூடாது.

ஒரு வில்லை தொங்கியது.

நாற்பத்து நாலு. பசிலியோவின் நம்பர்.

பசிலியோ சட்டைப்பையைத் தடவினான். காலி. முப்பத்தோரு வருடமாய் மாட்டிய கை, இன்றும் தானாக மாட்டியிருந்தது. திரும்பியதுதான் வேறு வழி.

"காலையில இந்தப் பலகை காலியா இருந்துச்சு," என்றான் செனோபியோ. கட்டியிருந்த கை மெல்ல விலகியது. "நீ செத்துடக் கூடாதேன்னு ஊரைக் கூட்டிப் பூட்டை உடைச்சேன். ஆறு மாசமா வரலங்கற?"

உள்ளேயிருந்து விளக்குகள் வந்தன. இரண்டு பேர் தோளைப் பிடித்தபடி, சேறும் கண்ணீருமாய் நியேவெஸ். கையில் சிவப்பு ஹெல்மெட்.

பசிலியோவைப் பார்த்தாள். விரலை நீட்டினாள். "இவன்தான். என்னை உள்ள விட்டுட்டு ஏணில ஏறி ஓடினவன்."

கூட்டம் அவனைச் சுற்றி நெருங்கியது. 

செனோபியோ வில்லையைக் கழற்றி, அவன் சட்டைப்பையில் போட்டுத் தட்டினான்.

"ஞாபகார்த்தமா வெச்சுக்க அண்ணே. போற எடத்துல புது நம்பர் குடுப்பாங்க. ஆனா பழக்க தோஷத்துல மேல பாத்துடாத... அங்க ஏணி கெடையாது."