ஆள் எண்ணும் வீடு

திருமுல்கேரியில் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே அக்கா வீட்டு விளக்குகள் எரிவது தெரிந்தது. பட்டப்பகல், சுள்ளென்று வெயில். மற்ற வீடுகளெல்லாம் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தில் கிடக்க, இந்த ஒரு வீடு மட்டும் கல்யாண வீடு மாதிரி எரிந்துகொண்டிருந்தது. வாசல் நிலைக்கு மேலே இருந்த சின்னப் பெட்டியில் சிவப்பாக 2 என்று தெரிந்தது.

அக்கா வித்யாலட்சுமி போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. உள்ளே இருந்தது அவள் கணவர், என் மாமா துரைராஜ், ஒருவர்தான்.

மாமாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஹைடெக் சிட்டியில் கம்ப்யூட்டர் வேலை. ஆனால் மனசெல்லாம் மாடிப்படிக்குக் கீழே அவர் வைத்திருந்த சொந்தக் கம்ப்யூட்டர் மேல்தான். வீட்டு மெயில், போட்டோ, பாட்டு எல்லாம் அதில்தான் இருக்கும். நம்ம வீட்டுச் சாமானை அடுத்தவன் வீட்டில் ஏன் வைக்கணும் என்பார். தண்ணீர் வந்தால் மோட்டாரைப் போடுவதும், தொட்டி நிறைந்தால் நிறுத்துவதும் அதுதான். ராத்திரி பகல் இல்லாமல் உறுமிக்கொண்டிருக்கும். அதற்கு சக்களத்தி என்று பெயர் வைத்ததே அக்காதான்.

அந்தச் சக்களத்திக்கு ஆளை எண்ணவும் தெரியும். வாசல் நிலையில், இடுப்பு உயரத்தில், கண்ணுக்குத் தெரியாத இரண்டு ஒளிக்கோடுகள் முன்னும் பின்னுமாக ஓடும். யாராவது உள்ளே வந்தால் எண்ணில் ஒன்று கூடும், வெளியே போனால் ஒன்று குறையும். எண் பூஜ்யமானால் வீட்டில் யாருமில்லை என்று அர்த்தம். விளக்கு, ஃபேன் எல்லாம் அணைந்துவிடும். பூஜ்யமாக இல்லாதவரை, எந்த அறையில் ஆள் நடமாட்டம் இருக்கிறதோ அங்கே தானாக எரியும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறாராம். இன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் கொட்டியதை அக்கா அவ்வப்போது சொல்லிக்காட்டுவாள்.

நான் உள்ளே நுழைந்ததும், நிலைக்கு மேலே உள்பக்கம் மாட்டியிருந்த மாமாவின் திரையில் எண் 3 ஆனது. மாமா, உங்க சக்களத்திக்குக் கணக்கு வராது போலிருக்கே என்று கேட்டேன். அவரைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று ஆட்டோவிலேயே முடிவு செய்திருந்தேன்.

அவர் சிரிக்கவில்லை. சாவு வீட்டுக் கூட்டத்தில் இரண்டு பேர் ஒட்டி நடந்தால் ஒருவராக எண்ணிவிடும், அதனால் வந்த பிழை என்று விளக்கினார். சரி, பூஜ்யம் ஆக்கி ஒழுங்காகத் தொடங்குங்கள் என்றேன். அவர் என் டிபன் கேரியரை வாங்கி, திறக்காமலேயே மேஜை மேல் வைத்தார். பக்கத்தில் போன வாரம் நான் கொண்டுவந்த சாப்பாடு அப்படியே இருந்தது. புளித்த வாடை அடித்தது.

அக்காவின் அறையில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

பிறகுதான் அவர் சொன்னார். தலை குனிந்து, யாருக்கோ கேட்டுவிடப் போகிறது என்பதைப் போல மெல்லிய குரலில்.

"அன்னைக்கு ஆபீஸ்ல இருந்து நாலைஞ்சு தடவை பார்த்தேன், பாமா. ஸ்க்ரீன்ல ஒண்ணுன்னு இருந்துச்சு. அவ ரூம்ல ஃபேன் ஓடுதுன்னு இருந்துச்சு. சரி, நல்லா தூங்கறான்னு நெனச்சேன். நிம்மதியா டீ குடிச்சேன்."

அக்காவுக்கு மாரடைப்பு வந்தது காலையிலேயே என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படியானால் அவர் திரையில் பார்த்ததெல்லாம் அவள் போன பிறகு. அவர் ஃபேனையே பார்த்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். அக்கா இந்த வாசலில் நடந்து உள்ளே வந்தாள். நடந்து வெளியே போகவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு போனவர்களைத்தான் மெஷின் எண்ணியது. அதன் கணக்குப்படி அவள் இன்னும் போகவே இல்லை.

நான் அழுதேன். அவர் அழவில்லை. எனக்குப் பயம் வந்தது அதனால்தான்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருந்தது அக்காவும் மாமாவும்தான். போவன்பள்ளியில் ஒரு சின்ன வீடு, பட்டான்செருவில் மருந்துக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை, ஞாயிறானால் அக்கா வீடு. அவ்வளவுதான் என் உலகம். அதில் பாதி போய்விட்டது. மீதி இங்கே சாப்பிடாமல், ஆபீஸ் போகாமல், ஒரு சிவப்பு எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எப்படியாவது இந்த மனிதரை வீட்டை விட்டுக் கிளப்பிவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை எனக்கு.

அடுத்த ஞாயிறு மழை. நச்சரித்து, கெஞ்சி, கடைசியில் திட்டி, முடி வெட்டிக்கொள்ள அவரை அனுப்பினேன். குடையைப் பிடித்துக்கொண்டு தயங்கித் தயங்கிப் போனார். அவர் தலை மறைந்ததும் மாடிப்படிக்குக் கீழே போய், கணக்கைப் பூஜ்யமாக்கும் பொத்தானை அழுத்தினேன்.

எண் பூஜ்யம் ஆனது. வீடு முழுக்க ஒரே நேரத்தில் அணைந்தது. ஃபேன்கள் களைத்துப் போய் நின்றன. மழை இருட்டில் கம்ப்யூட்டரின் உறுமல் மட்டும் கேட்டது. நான் உள்ளே இருப்பது அதற்குத் தெரியாது அல்லவா? பூஜ்யத்துக்குக் கீழே அது இறங்காது என்பதால், கணக்கைச் சரிசெய்ய வெளியே போய், வாசலில் நின்று, ஒரு மூச்சு விட்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு உள்ளே வந்தேன். சோதனைக்கூடத்தில் வேலை செய்பவளுக்கு இந்தப் புத்தியெல்லாம் உண்டு.

வந்து திரும்பிப் பார்த்தேன். நிலைக்கு மேல் மாமாவின் திரையில் எண் மாறியிருந்தது.

2.

ஹாலில் என் தலைக்கு மேல் விளக்கு எரிந்தது. அது நியாயம். நான் அங்கேதான் இருந்தேன்.

அக்காவின் அறையிலும் எரிந்தது.

நான் அசையாமல் நின்றேன். அக்கா அறையின் ஃபேன் சுற்றத் தொடங்கியது. கொஞ்ச நேரம் கழித்து நடையில் இருந்த விளக்கு எரிந்தது. அப்புறம் சமையலறை விளக்கு. ஒருவர் படுக்கையை விட்டு எழுந்து, நடையைத் தாண்டி, காபி போட அடுப்பங்கரைக்குப் போனால் எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் விட்டு விட்டு எரிந்தன. நீலகிரித் தைலத்தின் வாசனை வந்தது. அக்கா தலைவலிக்குத் தேய்த்துக்கொள்வது.

"அக்கா?"



நடை விளக்கு மறுபடியும் எரிந்தது. இந்தத் தடவை என் பக்கம் வந்துகொண்டிருந்தது.

செருப்பைக்கூடப் போடாமல் வெளியே ஓடிவந்தேன். மழையில் நனைந்துகொண்டு, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெட்டியில் 1 எரிந்தது. கூடப் பிறந்தவளைப் பார்த்து ஓடிவந்துவிட்டேனே என்ற வெட்கமும் இருந்தது, பல் கிட்டிக்கொள்ளும் பயமும் இருந்தது.

மாமா வந்தார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, ஆபீசில் ஒரு பழுதைப் பற்றி விசாரிப்பது மாதிரி, ஒவ்வொன்றாகக் கேட்டார். தலைப்பு பட்டிருக்குமா, கை நீண்டிருக்குமா, பூனை ஏதாவது தாவியதா. ஒன்றுமில்லை என்றேன்.

"சுத்தமா ஜீரோ ஆனப்புறம்தானே?"

"ஹவ் மாமா, ஆமா. நானே அழுத்தினேன்."

அவர் நிலைப்படியில் கையை வைத்தார். ஒரு மாதத்தில் முதல் தடவையாக அவர் முகம் தெளிந்தது.

"அப்போ கூட்டத்துல வந்த பிழை இல்ல."

அந்த நிமிஷம்தான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. அதுவரை அந்த 2 ஒரு பிழை என்று அவருக்கு உள்ளூரத் தெரிந்திருந்தது. தெரிந்தேதான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்றாவது ஒரு நாள் தானாகவே விட்டிருப்பார். நான் போய் அதைச் சுத்தமாகத் துடைத்து, மறுபடி சோதித்து, நிஜம் என்று சான்றிதழ் கொடுத்துவிட்டேன்.

அதன் பிறகு அவர் வாசலைத் தாண்டவில்லை. கொஞ்ச நாள் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்த்தார், அப்புறம் அதையும் விட்டார். காய்கறியும் பாலும் வாசலுக்கே வந்தன. நான் ஞாயிறுதோறும் போனேன். பந்த் அன்று பஸ் ஓடாவிட்டாலும் நடந்தே போனேன். உள்ளே போய்ச் சாப்பாட்டை வைத்துவிட்டு, அக்கா அறைப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருப்பேன். மாமாவின் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிய ஆரம்பித்தது. ஒரு தடவை அவர் காலருகே தரையில் உட்கார்ந்து கேட்டேவிட்டேன்.

"எனக்கு மட்டும் யார் இருக்காங்க மாமா? என்னோட வந்துடுங்க."

அவர் என் தலையில் கை வைத்தார். "நக்கோ பாமா, வேண்டாம். ஒரு தடவை அவளைத் தனியா விட்டாச்சு. போதும்."

கோபத்தில் இரண்டு வாரம் நான் போகவில்லை. மூன்றாவது ஞாயிறு மனசு கேட்காமல் கிளம்பினேன். அவருக்குப் பிடித்த எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் எடுத்துக்கொண்டேன்.

ஆட்டோவிலிருந்து இறங்கியதும் நம்ப முடியவில்லை. வானம் மூடிக்கிடந்தும் வீடு இருட்டாக இருந்தது. ஒரு விளக்கு இல்லை, ஒரு ஃபேன் சத்தம் இல்லை. பெட்டியில் 0 எரிந்தது.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மாமா வெளியே போயிருக்கிறார். கடைக்கோ, கோயிலுக்கோ, சும்மா காலாற நடக்கவோ, எங்கேயோ போயிருக்கிறார். அக்காவும் போய்விட்டாள். போகட்டும், அவளுக்கும் ஓய்வு வேண்டாமா? என்னிடம் சாவி இருந்தது. ஆனால் அவர் கேட்டைத் திறந்துகொண்டு வருவதைப் பார்க்க ஆசையாக இருந்தது. போன் செய்யலாமா என்று யோசித்தேன். இத்தனை நாள் கழித்து வெளியே போன மனுஷனைக் கூப்பிட்டுக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். வாசற்படியில் உட்கார்ந்தேன். எதிர்வீட்டு வித்தல் ராவ் எட்டிப் பார்த்து, பாகுன்னாரா என்று நலம் விசாரித்தார். பாகுன்னானு அங்கிள் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தேன். தனியாக உட்கார்ந்திருக்கிற மாதிரியே இல்லை. தெருவில் போகிற ஒவ்வொரு குடையையும் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் அங்கேயே இருந்தேன்.

தூறல் வலுத்ததும் எழுந்து, கதவுப் பூட்டை என் சாவியால் திறந்து, உள்ளே போனேன். கதவு உள்ளே தாழிடப்படவில்லை. விளக்கு எரிந்தது. மழைச்சாரல் உள்ளே அடிக்கிறதே என்று கதவைச் சாத்தத் திரும்பியபோது நிலைக்கு மேலே இருந்த திரையைப் பார்த்தேன்.

3.

மாமா எனக்குப் பின்னாலேயே வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன். படியில் யாருமில்லை. கேட் சாத்தியபடி இருந்தது. தெரு முழுக்க மழை.

"மாமா?"

அக்காவின் அறையில் விளக்கு எரிந்தது. போனேன்.

மாமா அக்காவின் கட்டிலில், அவள் படுக்கும் பக்கத்தை விட்டுவிட்டு, ஓரமாகப் படுத்திருந்தார். தொட்டுப் பார்த்தேன். போய் வெகுநேரம் ஆகியிருந்தது. நான் படியில் உட்கார்ந்து சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவர் இங்கேதான் கிடந்திருக்கிறார். இவர் உள்ளே கிடக்கும்போது பெட்டியில் 0, நான் ஒருத்தி நுழைந்ததும் 3.

டிபன் கேரியர் என் கையிலேயே இருந்தது. அதைக் கீழே வைக்கத் தோன்றாமல் நின்றேன். தலைக்கு மேல் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது.

பின்னால், சமையலறையில், விளக்கு எரிந்தது. கொஞ்சம் பொறுத்து ஹாலிலும் ஒரு விளக்கு எரிந்தது.