பசை அட்டையும் கத்தரிப்பூ நூலும்

அந்தச் சாமான் கடையில் எலி பிடிக்கும் பசை அட்டை ஒரே ஒரு பாக்கெட்தான் மிச்சம் இருந்தது. அதன் மேல் இரண்டு கைகள் ஒரே சமயத்தில் வந்து விழுந்தன.

ஒன்று அவளுடையது. மழையில் நனைந்து விரல் நுனியெல்லாம் சுருங்கிப் போயிருந்தது. இன்னொன்று... அவள் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்திருக்கவே கூடாது. இமை மேல் மழைத்துளி தங்கிய இரண்டு கண்கள், யாரோ இப்போதுதான் விளக்கேற்றி வைத்த மாதிரி...

"நான்தான் முதல்ல எடுத்தேன்" என்றாள் அவசரமாக.

"நீங்க எடுக்கப் போனது பக்கத்துல இருக்கிற மெழுகுவத்தி. கை தவறி இதுல விழுந்துச்சு. மேல இருக்கிற விலைப்பலகையைக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் படிச்சீங்க. உங்களுக்குத் தூரத்துல இருக்கிறது மங்கலாத் தெரியுது."

"ஜோசியமா?"

"தொழிலு. கண்ணாடிக் கடை வெச்சிருக்கேன்."

"அங்க வியாபாரம் இல்லன்னு எலி பிடிக்கக் கிளம்பிட்டீங்களா?"

அவன் சிரித்தான். "இது எனக்கில்லங்க. ஒரு ஃபிரெண்டு வீட்டுக்கு."

"எனக்கும் இல்ல. எங்க வீட்டுல எலியெல்லாம் கிடையாது. தெரிஞ்சவங்க வீட்டுக்கு..."

கல்லாவில் உட்கார்ந்திருந்த கடைக்காரர் கொட்டாவியை விழுங்கினார். "இந்தக் கடை திறந்த நாள்ல இருந்து அட்டை விக்கிறேன். சொந்த வீட்டுக்குன்னு வாங்கின ஒருத்தரை நான் பாத்ததில்ல. எல்லாம் ஃபிரெண்டு வீடு, தெரிஞ்சவங்க வீடு. உள்ள ரெண்டு இருக்கு. ஆளுக்கு ஒண்ணா பிரிச்சுக்கங்க."

பிரித்தாள். பாக்கெட்டை மட்டும் பிரித்திருக்கலாம். புத்தகம் போல மடித்து ஒட்டியிருந்த அட்டையையும் சேர்த்துப் பிரித்துவிட்டாள். கழுத்தில் கிடந்த கம்பளித் துண்டின் நுனி வழுக்கிப் போய்ப் பசையில் உட்கார்ந்துகொண்டது. "ஐயோ, இருங்க" என்று அவன் கை நீட்ட, அவன் சட்டைக்கையும் போய் ஒட்டிக்கொண்டது.

அவள் இழுத்தாள். அவன் கூடவே வந்தான்.

அது அவள் தானே பின்னிய துண்டு. கம்பளி நூல் கடையில் வேலை பார்ப்பவள் அவள். வெள்ளை நூலுக்குத் தானே இரண்டு சாயங்களைக் கலந்து ஏற்றியபோது ஒரு கத்தரிப்பூ நிறம் வந்தது. மறுபடி எத்தனையோ முறை கலந்து பார்த்தும் அவளுக்கே அந்த நிறம் வரவில்லை. உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத நிறம்... இப்போது ஒரு முன்பின் தெரியாதவன் சட்டையோடு.

"இழுக்காதீங்க ரெண்டு பேரும்" என்று எழுந்து வந்தார் கடைக்காரர். "இழுத்தா கிழியும். எண்ணெய் விட்டா தானா விட்டுடும்." சமையல் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுவிட்டு, "கொஞ்ச நேரம் அப்படியே நில்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

நின்றார்கள். வெளியே மழை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவள் விளக்குமாறுகளைப் பார்த்தாள். அவன் வாளிகளைப் பார்த்தான். ஒரே சமயத்தில் இருவரும் திரும்பிப் பார்த்தபோது, பசை விட்டுவிட்டது தெரிந்தும் ஏனோ இருவருமே கையை எடுக்கவில்லை...

அவன்தான் முதலில் எடுத்தான். எண்ணெய் பட்டதைத் தான் வைத்துக்கொண்டு, கெட்டுப்போகாத அட்டையை அவளிடம் நீட்டினான். "உங்க தெரிஞ்சவங்களுக்கு வெச்சுக்கங்க." மழையில் இறங்கி ஓடினான். பெயர்கூடக் கேட்கவில்லை. அவன் சட்டைக்கையில் கத்தரிப்பூ நூல் ஒன்று ஒட்டிக்கொண்டு போனதை மட்டும் பார்த்தாள்.

மறுநாள் காலை குப்பைக் கூடையோடு கதவைத் திறந்தாள். பக்கத்து வீட்டுக் கதவும் திறந்தது. போன வாரம் குடி வந்த வீடு. வெளியே வந்தவன் கையில் காலியான அட்டைப்பெட்டிகள்... முகத்தில் அதே கண்கள்.

"ஓ. இதுதான் அந்த ஃபிரெண்டு வீடா?" என்றாள்.

"தெரிஞ்சவங்க நல்லா இருக்காங்களா?" என்றான்.

அடக்க முடியாமல் அவள் சிரித்துவிட்டாள். மாடிப்படி முழுக்க எதிரொலித்தது. உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது: "யாரோட பேச்சு?" அவ்வளவுதான், இரண்டு கதவும் சாத்திக்கொண்டன.

அம்மா ஒரு ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது இந்த அடுக்குமாடி சங்கத்தின் செயலாளர். அவள் துடைத்த தரையில் முகம் பார்க்கலாம். அப்படிப்பட்ட சமையலறையில்தான், முந்தாநாள், பாத்திர அலமாரிக்குப் பின்னால் ஒரு வால் மறைவதை அம்மா தன் கண்ணால் பார்த்தாள்.

"நம்ம வீட்டுல எலி இல்ல" என்றாள் அம்மா.

"நீதானேம்மா பாத்த?"

"இருக்கிறது வேற, வர்றது வேற. இது பக்கத்து வீட்டுல இருந்து வருது. பழைய பெட்டியெல்லாம் தூக்கிட்டு வந்தாங்களே, அதுல வந்திருக்கு. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல பேசுறேன். சுத்தமா இருக்கத் தெரியாதவங்களுக்கு இங்க இடமில்ல." திரும்பி மகளைப் பார்த்தாள். "நீயும் படுத்துக்கிட்டே பிஸ்கட் தின்னுட்டுப் படிக்கிறத நிறுத்து."

அம்மா சொன்னால் சங்கம் கேட்கும். சங்கம் சொன்னால் வீட்டுக்காரர் கேட்பார். நேற்றுத்தான் கிடைத்த கண்கள்... ஞாயிற்றுக்கிழமைக்குள் போய்விடுமா?

அன்று மாலை அம்மா கடைக்குப் போயிருந்தாள். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் குனிந்து, அட்டையை எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தவளுக்கு, சுவரிலிருந்து ஒரு தும்மல் கேட்டது.

குழாய் போகும் இடத்தில் சுவரில் கைமுட்டி அளவு ஓட்டை. அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுச் சமையலறை.

"யாரு?" என்றாள் ஓட்டையிடம்.

"எலி" என்றது ஓட்டை.

"எலி தும்மாது."

"இது படிச்ச எலி. கண்ணாடிக் கடை வெச்சிருக்கு..."

அதற்குப் பிறகு தினமும், அம்மா நடைப்பயிற்சிக்குப் போகும் மாலை நேரத்தில், தொட்டிக்கு அடியில் இரண்டு பேர் மண்டியிட்டார்கள். பேச்செல்லாம் எலியைப் பற்றித்தான். அப்படித்தான் இருவரும் சொல்லிக்கொண்டார்கள். துண்டின் நிறம் உலகத்தில் வேறு யாரிடமும் இல்லை என்று அவள் சொன்ன நாளிலிருந்து, அவனுக்கு அவள் கத்தரிப்பூ.

"அட்டையை எங்க வெச்சீங்க, கத்தரிப்பூ?"

"ஹால் நடுவுல."

"என்ன மாட்டுச்சு?"

"அம்மாவோட செருப்பு."

சிரித்துச் சிரித்து அவனுக்குப் புரையேறியது. "நடுவுல ஓடாதுங்க. மீசை சுவத்துல உரசணும் அதுக்கு. சுவரை ஒட்டி வைங்க. செருப்பு அலமாரிக்குப் பக்கத்துல."

"உங்களுக்கு என்ன மாட்டுச்சு?"

"ரெண்டு கரப்பான், ஒரு பூரான். கூடவே, 'நாளைக்கு மாட்டும்டா'ன்னு எங்க அப்பாவோட ஆறுதல் நாலஞ்சு."

அப்பாவும் அவனும் மட்டும்தான் அந்த வீட்டில். அப்பாவுக்கு முழங்கால் சரியில்லை. வாடகைக்கு வீடு மாறி மாறி அலுத்துப்போன மனுஷன், இங்கே வந்து ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டதும், 'இதுக்கு மேல என்னால பெட்டி கட்ட முடியாதுடா' என்றாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் விளையாட்டை விட்டுவிட்டது.

அவளும் சொன்னாள். "அம்மாவுக்கு இந்த வீட்டோட சுத்தம்தான் எல்லாம். அப்பா போனதுக்கு அப்புறம் அவங்க நிமிர்ந்து நடக்கிறதே அதை வெச்சுத்தான். எலி எங்க வீட்டோடதுன்னு ஆச்சுன்னா வெளியில தலைகாட்ட மாட்டாங்க..."

அந்தப் பக்கம் அட்டையை நகர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது.

"மாட்டுச்சா ஏதாவது?" என்று மறுநாள் கேட்டாள்.

"இல்ல" என்றான். "ஒண்ணும் மாட்டல."

ஞாயிற்றுக்கிழமை மாலை செயலாளர் வீட்டு ஹால் நிரம்பிவிட்டது. மேல்மாடி வாத்தியார், கீழ்வீட்டு அக்கா, இன்னும் நாலைந்து பேர். அவனும் அவன் அப்பாவும் ஓரத்து நாற்காலிகளில். அவள் சமையலறை வாசலில் சாய்ந்து நின்று அவனையே பார்த்தாள். 'பேசு... இல்லைன்னு சொல்லு. சண்டை போடு.'

அம்மா தொண்டையைச் செருமினாள். "எலி வந்தது புதுசா வந்த சாமான்களோடதான்னு நான் நினைக்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க தம்பி?"

அவன் எழுந்தான். அவளைப் பார்க்கவில்லை. "ஆமாங்க. எங்க பெட்டியிலதான் வந்திருக்கணும். மாசக் கடைசியில காலி பண்ணிடுறோம்."

அவன் அப்பா கைத்தடியின் பிடியை மெல்லத் தடவிக்கொண்டார்.

அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இவ்வளவுதானா? ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசத் தெரியாதவனா...

"உட்கார இடமில்லாம அக்கா நிக்கிறாங்க பாரு. உன் ரூம்ல இருந்து முக்காலியைக் கொண்டு வா" என்றாள் அம்மா.

கோபத்தோடு போனாள். கட்டிலுக்கு அடியில் கையை விட்டு முக்காலியை வெடுக்கென்று இழுத்தாள். கூடவே நூல் கூடையும் நகர்ந்து வந்தது. துண்டு பின்னி முடித்ததும் தள்ளிவிட்ட கூடை.

மூடி ஓரத்தில் கடித்த ஓட்டை. உள்ளே கத்தரிப்பூ நூல்கண்டு இல்லை. அது பஞ்சு பஞ்சாகப் பிய்ந்து, கிண்ணம் போல் குழிந்து, மெத்தென்று ஒரு கூடாக இருந்தது. சுற்றிலும் பிஸ்கட் தூள்...

அவள் பிஸ்கட்.

கூடையைத் தூக்கினாள். அம்மாவின் நிமிர்ந்த தலை கண் முன் வந்தது. ஜன்னலோரத்து நாற்காலியும் வந்தது. அப்படியே ஹாலுக்கு நடந்தாள்.

"அம்மா, எலி அவங்க வீட்டுல இருந்து வரல. நம்ம வீட்டுல, என் கட்டிலுக்கு அடியில இருந்துச்சு. நான்தான் வளர்த்திருக்கேன்..."

வாக்கியத்தை எலியே முடித்து வைத்தது. கூட்டிலிருந்து எகிறிக் கீழ்வீட்டு அக்காவின் மடியில் விழுந்தது. அடுத்த நொடி ஹாலில் தரையில் நின்றவர்கள் இரண்டே பேர், அவளும் அவனும். மற்றவர்கள் எல்லாரும் நாற்காலி மேல். முழங்கால் சரியில்லாத அப்பாகூட எப்படியோ ஏறிவிட்டிருந்தார். எலி சுவரை ஒட்டி, மீசை உரச, நேராகச் செருப்பு அலமாரிப் பக்கம் ஓடியது.

சப்.

அட்டையோடு சேர்ந்து கீச்சிட்டது.

"எண்ணெய்" என்றான் அவன். அவள் ஏற்கெனவே சமையலறைக்கு ஓடியிருந்தாள்.

வாளிக்குள் அட்டையை வைத்து, அவள் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட, அவன் ஒரு குச்சியால் மெதுவாகத் தள்ளிக் கொடுத்தான். ஒவ்வொரு காலாக விட்டது. தலையோடு தலை முட்டியது. அப்போதுதான் அவன் முகத்தை அருகில் பார்த்தாள். கூடையைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்ததே... இவன் மட்டும் ஆச்சரியப்படவே இல்லை.

அம்மா நாற்காலியிலிருந்து இறங்கினாள். புடவையை நீவிக்கொண்டாள். முகம் வெளிறியிருந்தது. ஆனால் தலை நிமிர்ந்தே இருந்தது. "செயலாளர் சொன்னது தப்பு. தீர்மானம் எதுவும் இல்ல. நீங்க இங்கயே இருக்கணும் சார். எல்லாரும் காபி குடிச்சிட்டுப் போங்க."

எல்லாரும் போன பிறகு, தொட்டிக்கு அடியில் மண்டியிட்டாள். "இருக்கீங்களா?"

"இருக்கேன். எலியைப் பின்னாடி இருக்கிற தோப்புல விட்டுட்டேன். எண்ணெய் மினுக்கோட ஜம்முன்னு ஓடிச்சு."

"எலி எங்க வீட்டோடதுன்னு உங்களுக்கு எப்ப தெரியும்?"

"ஒண்ணும் மாட்டலன்னு சொன்னேனே, அன்னைக்கு. அட்டையில எலி இல்ல, தப்பிச்சிருந்துச்சு. கொஞ்சம் முடியும் ஒரு நூலும்தான் இருந்துச்சு. என் சட்டைக்கையில இருந்த நூலுக்குப் பக்கத்துல வெச்சுப் பாத்தேன். அந்த நிறம் வேற யாருகிட்டயும் இல்லன்னு சொல்லியிருந்தீங்க..."

"உங்க அப்பாவை நினைக்கலயா?"

"அவருகிட்ட கேட்டுட்டுத்தான் சொன்னேன். 'அந்தப் பொண்ணோட அம்மா தலை குனியுறதைவிட நான் இன்னொரு பெட்டி கட்டுறது சுலபம்'னு சொன்னார்."

வேறு ஏதாவது கேட்க வேண்டும் போலிருந்தது. "சட்டைக்கை நூலை ஏன் அப்படியே வெச்சிருந்தீங்க? எண்ணெய் விட்டா போயிருக்குமே."

"தெரியும்" என்றான். "விடல."

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. அவள் திரும்பினாள். பின்னால், கைகளைக் கட்டிக்கொண்டு, அம்மா. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"குழாய்க்குள்ள என்னடி பேச்சு?"

"அம்மா, அது... எலி..."

"எலி போயாச்சு." அம்மா அவளையும் ஓட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். வாயோரம் ஒரு சுருக்கம், சிரிப்பை மடித்து வைத்த மாதிரி. "நாளைக்குக் கொத்தனார் வர்றார். சிமெண்ட் வெச்சு அடைச்சிடுவார். சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தா இன்னைக்கே சொல்லி முடி." சொல்லிவிட்டு அம்மா ஹாலுக்குப் போய்விட்டாள்.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஓட்டைக்கு அருகில் வாயை வைத்தாள். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. கடையில, எண்ணெய் விட்டதும் பசை உடனே விட்டுடுச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கையை எடுக்கல... கேக்குதா?"

அந்தப் பக்கம் ஒரு செருமல். கரகரத்த வயசான குரல். "நல்லாக் கேட்டுச்சும்மா. ரொம்ப சந்தோஷம். ஆனா அவன் இங்க இல்ல. உங்க அம்மா குரல் கேட்டதுமே எழுந்து உங்க வாசலுக்குப் போயிட்டான்..."

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

ஓடினாள். ஹாலில் அம்மா நேற்றைய செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்தாள். எதிரே அவன்... அதே சட்டை, கையோரத்தில் அதே கத்தரிப்பூ நூல்.

"எனக்கு ஒண்ணு சொல்லணும்" என்றான் மூச்சு வாங்க.

"நான் சொல்லியாச்சு."

"எப்ப? யாருகிட்ட?"

"உங்க அப்பாகிட்ட."

அவன் விழித்தான். அந்தக் கண்களில் ஒன்றன்பின் ஒன்றாக எல்லா விளக்கும் எரிந்தன... அவளுக்கு இந்தத் தூரத்திலிருந்து எதுவும் மங்கலாகத் தெரியவில்லை.

"என்ன சொன்னீங்க?" என்றான்.

சட்டைக்கையில் இருந்த நூலைப் பிடித்துக்கொண்டு, அவள் முதலிலிருந்து மறுபடி சொன்னாள்.