கண்ணாடிக்குள் மூச்சு

இதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு என் மனம் பிறகு சேர்த்துக்கொண்டது என்று எனக்கே உறுதியில்லை. அன்று மழை பெய்யவே இல்லை என்கிறாள் மருதி. எனக்கோ ஓட்டின் மேல் விழுந்த மழையின் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கண்ணாடியைப் பற்றி மட்டும் நாங்கள் இருவரும் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை.

காந்திபுரத்தில் ஆனைகட்டி பஸ் ஏறி, செங்கல் சூளைகள் தீர்ந்து மலை தொடங்கும் இடத்தில் இறங்கினோம். லட்சுமணசாமியின் பங்களா அங்கே இருந்தது. மில்லை விற்றுவிட்டு, பின்னாலிருந்த மலைச்சரிவில் ரிசார்ட் கட்டத் திட்டமிட்டிருந்தார். வருகிறவர்கள் பார்க்கக் கீழ்த்தளத்தில் சிறிய அருங்காட்சியகம். அதற்கு விளக்கப் பலகைகள் எழுத என்னை அமர்த்தியிருந்தார். மருதியை நான்தான் கூட அழைத்துப் போனேன். பல்கலைக்கழகத்தில் இருளர் குலங்களின் வரலாற்றை ஆராய்கிறவள். அவளும் இருளர்தான். சரிவுக்கு மேலே இருந்த ஊர் அவளுடையது. அந்தச் சரிவு தங்களுடையது என்று ஊரார் சப்கலெக்டரிடம் மனு கொடுத்திருந்தார்கள்.

கீழே இறங்கியதும் வார்னிஷ் நெடி மூக்கில் ஏறியது. அதற்கு அடியில் வேறொரு வாசனையும் இருந்தது. புகை கலந்த, வேகிற சாமைச்சோற்றின் வாசனை. பங்களாவில் யாரும் சாமை சமைப்பதாகத் தெரியவில்லை.

சுவரோரம் நீண்ட கண்ணாடிப் பெட்டி. உள்ளே வரிசையாக உருண்டைக் கற்கள். ஆசிட்டில் கழுவி, வார்னிஷ் பூசி, பளபளவென்று. ஈரம் புகாமல் இருக்க விளிம்பெல்லாம் ரப்பர் ஒட்டி, மூலைக்கு மூலை ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் போட்டிருந்தார்கள்.

மருதி ஒவ்வொரு கல்லின் முன்பும் நின்று நின்று நகர்ந்தாள்.

இருளர்களில் ஒருவர் இறந்தால் ஓடையில் ஒரு கல் எடுத்து, அவர் பெயரைச் சொல்லி, குலத்தின் கல்வீட்டில் முன்னோர் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். ஆண்டுக்கொருமுறை எண்ணெய் தடவிச் சோறு வைத்து, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைப்பார்கள். சரிவுக்கு வேலி போட்ட காலத்தில் அந்தக் கல்வீட்டைக் கலைத்து, கற்களை டிராக்டரில் ஏற்றி வந்தவர் லட்சுமணசாமியின் அப்பா. மருதியின் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். ஊருக்கு வெளியே யாரும் ஒப்புக்கொண்டதில்லை.

"யாரு கிருபா இந்தப் புள்ள?" லட்சுமணசாமி படியிறங்கி வந்தார். பின்னால் காப்பித் தட்டோடு அவர் மனைவி பத்மாவதி.

சொன்னேன்.

"அப்ப நல்லதாப் போச்சு. பலகைல தப்பிருந்தா நீயே சொல்லு."

பலகையில் அவரே எழுதிக் கொடுத்த தலைப்பு இருந்தது: மறைந்துபோன மலைக்குடியின் கற்கள்.

"ஒரு தப்பு இருக்குதுங்க சார்."

"என்ன?"

"நாங்க மறையலைங்க. இப்பத்தான் பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தேன்."

பத்மாவதி சிரித்துவிட்டு, கணவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"வாய் இருக்குது உனக்கு. அந்தச் சரிவுல உங்காளுக குடியிருந்ததுக்கு ஒரு அத்தாட்சியும் இல்ல. சப்கலெக்டர் விசாரணைலயும் அதத்தான் சொல்லப் போறேன். இதெல்லாம் எங்கப்பா ஓடையில பொறுக்குன கல்லு."

"ஓடையில எடுத்தது எங்காளுகங்க. உங்கப்பா எடுத்தது எங்க கல்வீட்டுல."

"பேர் எழுதியிருக்குதா?"

"எழுத வேண்டியதில்லைங்க. கூப்புட்டாப் போதும்."

"கூப்புடு பாக்கலாம். வந்து ஓட்டும் போட்டுட்டுப் போகட்டும்."

மருதி செருப்பைக் கழற்றினாள். பெட்டியின் முன் தரையில் உட்கார்ந்தாள். பெயர்களைச் சொல்லத் தொடங்கிய குரலில் சவாலோ கெஞ்சலோ இல்லை. வகுப்பில் பெயர் வாசிக்கிற குரல்.

"நஞ்சன்."

ஒன்றும் நடக்கவில்லை. மழை மட்டும். அல்லது மழை என்று நான் நினைத்தது.

பிறகு முதல் கல்லுக்கு நேரே கண்ணாடி மங்கியது.

கண்ணாடியில் வாயை வைத்து ஊதினால் படியுமே, அப்படி ஒரு வட்டம். உள்பக்கத்தில்.

"வெள்ளி."

அடுத்த கல். அடுத்த வட்டம்.

"ஏசி ஈரமாட்டத் தெரியுது," என்றார் லட்சுமணசாமி.

"இங்க ஏசியே இல்லைங்க," என்று பத்மாவதி கிசுகிசுத்தார்.

"ரங்கி. காடன். பொன்னி."

வட்டங்கள் பெரிதாகிச் சுருங்கின. பெரிதாகிச் சுருங்கின. ஒரே தாளத்தில்.

மூச்சு.

"போதும், நிறுத்து புள்ள."

"இன்னும் ஆள் இருக்காங்க சார்."

"என் ஊட்டுக்குள்ள வந்து மிரட்டறயா?"

"மிரட்டலைங்க. அட்டெண்டன்ஸ் எடுக்கறேன். இல்லைன்னு சொன்னது நீங்கதானுங்களே."

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை அவள். ஒருவரையும் விடவில்லை. கடைசியில் எலுமிச்சை அளவில் ஒரு சின்னக் கல் இருந்தது. அங்கே மட்டும் தயங்கினாள்.

"இது பேர் வைக்கறதுக்குள்ள போன கொழந்தை, அக்கா," என்றாள் என்னிடம். பிறகு மெதுவாக, "கண்ணு."

சின்னதாக ஒரு மூச்சு படிந்தது.

அதன் நடுவில், உள்ளிருந்து யாரோ அழுத்தியதுபோல், ஒரு கை பதிந்தது.

ஐந்து விரல்கள். என் கட்டைவிரல் அளவுகூட இல்லாத உள்ளங்கை.

பத்மாவதி தட்டைக் கீழே போட்டார்.

அந்தச் சத்தம் அடங்கியபின் வந்த அமைதியைப் போல ஒன்றை நான் பின்பு கேட்டதில்லை. அந்த அமைதியில்தான் குரல் வந்தது. ஆணா பெண்ணா என்று தெரியாத, பலர் சேர்ந்து பேசியது போன்ற, சன்னமான குரல்.

"லட்சுமணசாமி."

அவர் சட்டென்று திரும்பினார்.

"பதில் சொல்லாதீங்க சார், சொன்னா விடமாட்டாங்க," என்றாள் மருதி. அன்று முதல்முறையாக அவள் குரலில் பயம் தெரிந்தது.

ஆனால் யார் அழைத்தாலும் பதில் சொல்லும் பழக்கம் வாயில் ஊறியிருக்கிறதே.

"ஏனுங்க?" என்றார்.

வட்டங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மறைந்தன. கண்ணாடி உலர்ந்து, தெளிவாக, கடையில் வாங்கியதுபோல் இருந்தது.

பத்மாவதி இடுப்புச் சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தார். கணவரைக் கேட்கவில்லை.

"எடுத்துட்டுப் போயிரு அம்மணி. இப்பவே."

"நான் தூக்கிட்டுப் போனா அது திருட்டுங்க," என்றாள் மருதி. "எங்க மூப்பன் வருவாரு, ஊரே வரும். முன்வாசல் வழியா, மேளத்தோட எடுத்துட்டுப் போறோம். நீங்க கதவைத் திறந்து வெச்சாப் போதும்."

அப்படித்தான் நடந்தது. பட்டப்பகலில், தார்ச்சாலையில் பஸ்களை நிறுத்தி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கல்லையும் ஒருவர் நெஞ்சோடு அணைத்துச் சுமந்து போனார்கள். வார்னிஷைச் சுரண்டி எடுத்துவிட்டு எண்ணெய் தடவி, மறுபடி எழுப்பிய கல்வீட்டில் உட்கார வைத்தார்கள். சரிவின் வேலி அன்றைக்கே சாய்ந்தது. யார் சாய்த்தார்கள் என்று கேட்க வந்த போலீஸ்காரரிடம் ஊரே கையைத் தூக்கியது.

சப்கலெக்டர் விசாரணைக்கு நானும் போனேன். அந்தச் சரிவில் இருளர்கள் வாழ்ந்தார்களா என்று கேட்டபோது லட்சுமணசாமி வக்கீலைப் பார்க்கவில்லை. "இருக்கறாங்க," என்றார்.

சரிவின் உரிமை ஊருக்குக் கிடைத்தது. ரிசார்ட் வரவில்லை. மருதி முனைவர் பட்டம் வாங்கி, வாரநாட்களில் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். நான் விளக்கப் பலகைகள் எழுதுவதை விட்டு நூலகத்தில் வேலை பார்க்கிறேன். பங்களா பூட்டிக் கிடக்கிறது. பத்மாவதி ஆண்டுக்கொருமுறை கல்வீட்டுக்கு எண்ணெய் கொடுத்தனுப்புகிறார்.

லட்சுமணசாமி நகரத்தில் மகன் அபிலாஷ் வீட்டில் இருக்கிறார். உடம்புக்கு ஒன்றுமில்லை. நன்றாகச் சாப்பிடுகிறார், பேரனோடு கேரம் ஆடுகிறார். பேச்சின் நடுவே, யாரும் அழைக்காதபோது, மலை இருக்கும் திசைக்குத் தலையைத் திருப்பி, மிகவும் மரியாதையாக, "வாரேனுங்க," என்கிறார்.