ஏழாம் எண் வளைந்த இடம்

ஏழாம் எண் வௌவால், முன்பு ஏணி சாத்தி வைத்திருந்த மூலையில் வளைந்து போயிற்று. அங்கே வளைவதற்கு ஒன்றுமே இல்லை.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பறக்கும் அறையில் இருட்டிலும் பார்க்கும் கேமராக்கள் இருந்தன. வௌவால் போகும் பாதையை அவை ஒரு வெள்ளைக் கோடாகத் திரையில் இழுத்துக்கொண்டே வரும். அந்தக் கோடு நேராக வந்து, மூலைக்கு முன்னால், தெருவில் படுத்திருக்கும் நாய்க்கு ஒதுங்கிப் போகும் சைக்கிள்காரனைப் போல ஒதுங்கி, மறுபடியும் நேரானது.

இதற்கு அவளிடம் ஒரு விளக்கம் இருந்தது. பதினோரு வருடமாக அவள் செய்துவரும் ஆராய்ச்சியே அதுதான்: வௌவால் தன் கீச்சொலியின் எதிரொலியைக் கேட்டுப் பறக்கிறதா, மனப்பாடமாகப் பறக்கிறதா, திரும்பும்போது எந்த இறக்கையை எவ்வளவு மடக்குகிறது. பழகிய அறையென்றால் பாதிக்கு மேல் மனப்பாடம்தான். நடுவில் நின்ற தூணை எடுத்துவிட்டாலும் நாலைந்து நாள் அந்த இல்லாத தூணைச் சுற்றியே பறக்கும். அந்த மூலையிலும் ஒரு தூண் நின்றதுண்டு. அந்தத் தூண் அவளுடைய கணவர்.

அவர் அதே ஆய்வுக்கூடத்தில் கேமரா, வலை, கம்பி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட மெக்கானிக். உயிருள்ள தடைக்கும் உயிரில்லாத தடைக்கும் வௌவால் வித்தியாசம் காட்டுமா என்று பார்க்க ஆள் கிடைக்காமல் ஒருநாள் அவரை நிற்கச் சொன்னாள். "நம்ம கல்யாணத்துல நாலு மணி நேரம் அசையாம நின்னேன். இதென்ன பிரமாதம்," என்றார். அன்று முதல் அவளுடைய நோட்டில் அவர் 'தடை எண் ஒன்று'. உயரம் நூற்று அறுபத்தெட்டு சென்டிமீட்டர். தோள் அகலம் நாற்பத்து நான்கு.

அவர் இறந்து நான்கு மாதம் ஆகிறது. ஏழாம் எண் வௌவாலைக் கொண்டு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அது அவரைக் கண்டதே இல்லை.

அவள் நோட்டில் தேதி போட்டு, 'கருவிப் பிழை?' என்று எழுதினாள். மேசையில் இருந்த டீ ஆறி, மேலே ஆடை படிந்திருந்தது. எடுத்துக் குடித்தாள். ஆறியதும் தெரியவில்லை, இனிப்பும் தெரியவில்லை. நான்கு மாதமாக எல்லாமே இப்படித்தான், வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி.

பறக்கும் அறையின் சுவர், கூரை எல்லாம் கூர்கூரான கறுப்பு ஸ்பஞ்ச். எதிரொலியை விழுங்குவதற்காக ஒட்டியது. உள்ளே கைதட்டினால் சத்தம் உள்ளங்கையிலேயே செத்துப்போகும். அவர் விழுந்த அன்றும் அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும். வலையில் ஒரு முடிச்சு அவிழ்ந்திருந்தது. வௌவால்கள் பறந்துகொண்டிருந்தன. "லைட் போடாதீங்க, பதிவு கெட்டுடும். ரெண்டு நிமிஷ வேலைதானே," என்று சொன்னது அவள்தான். அவர் இருட்டில் ஏணி ஏறினார். அவள் பக்கத்து அறையில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கீச்சொலிகளைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வேலை முடிந்தால் அவர் ஓசையில்லாமல் பின்னால் வந்து, அவளுடைய ஹெட்ஃபோனின் இடது பக்கத்தை மட்டும் மெல்லத் தூக்கி, "போலாமா?" என்பார். பதினாறு நிமிடம் அதற்காகக் காத்திருந்தாள். பிறகுதான் எழுந்து போய்ப் பார்த்தாள்.

அன்றைய பதிவை இதுவரை திறக்கவில்லை.

மறுநாள் எட்டாம் எண் வளைந்தது. அந்த வாரத்துக்குள் அங்கிருந்த பன்னிரண்டு வௌவால்களும் வளைந்தன.

வௌவால்களுக்குத் தீவனப் புழு வளர்த்துப் போடுபவரைக் கூடத்தில் எல்லோரும் புழுக்காரர் என்றுதான் சொல்வார்கள். அவர் துடைப்பத்தோடு வாசலில் நின்றார்.

"மேடம், அந்த மூலைல என்ன வச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்லையே. ஏன்?"

"பெருக்கும்போது நானும் சுத்திக்கிட்டுத்தான் வரேன். கால் தானா ஒதுங்குது. ஏன்னு எனக்கே தெரியல."

"நீங்களும் வவ்வால் ஆயிட்டீங்க."

"ஆயிட்டுப் போறேன். தலைகீழாத் தொங்கச் சொல்லாம இருந்தா சரி," என்று சிரித்தார். ஆனால் அந்த மூலையைப் பெருக்காமலேயே போனார்.

அன்று மதியம் அவள் பறக்கும் அறைக்குள் ஒரு நாற்காலியைக் கொண்டுபோய், மூலைக்கு இரண்டு மீட்டர் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள். வௌவால் எச்சத்தின் காரமும் ஸ்பஞ்சுத் தூசியும் மூக்கில் ஏறின. அவரிடம் எப்போதும் இருக்கும் மெஷின் எண்ணெய் வாடை இருக்கிறதா என்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். இல்லை.

"வந்திருக்கீங்கன்னு தெரியும்," என்றாள். "எனக்கு அழுகையே வர மாட்டேங்குது. கோச்சுக்காதீங்க."

வெள்ளைக் கோடுகள் மடியில் இருந்த லேப்டாப்பில் ஒவ்வொன்றாக வளைந்தன. அவளுக்கு அதுவே பதில் சொன்ன மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு தினமும் போனாள். கரண்ட் பில் கட்டியதைச் சொன்னாள். குளியலறைக் குழாய் ஒழுகுவதைச் சொன்னாள். ஒருநாள் இதையும் சொன்னாள்: "பக்கத்துல வந்தா பழையபடி இடது காதைத் தூக்குங்க. நீங்கதான்னு தெரிஞ்சுக்குவேன்."

கோடுகள் சேரச் சேர, நடுவில் எந்தக் கோடும் போகாத வெற்றிடத்துக்கு உருவம் கிடைத்தது. அதை அவள் அளந்தாள். வௌவால் எதையும் உரசிக்கொண்டு பறக்காது. சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டுத்தான் போகும். அந்த ஓரத்தைக் கழித்தால் தடையின் அளவு வரும். இரண்டு பக்கமும் இருபது இருபது கழித்தாள். தோள் நாற்பத்து நான்கு. அவரேதான். உயரத்துக்கு மட்டும் இருநூற்று முப்பத்தொன்றில் அறுபத்து மூன்று கழிக்க வேண்டியிருந்தது. பக்கவாட்டில் இருபது விடும் வௌவால் தலைக்கு மேலே ஏன் அறுபத்து மூன்று விடுகிறது? மாணவர் யாராவது இப்படிக் கழித்துக்கொண்டு வந்திருந்தால் நோட்டைத் திருப்பி வீசியிருப்பாள். தனக்கென்று வந்தபோது 'சரி' என்று எழுதி அடிக்கோடு இழுத்தாள்.

மாதக் கடைசியில் அந்த அறையைப் பிரித்து எடுக்கப் போவதாக நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. கடைசி நாள் காலையில் நாத்தனார் போன் பண்ணினாள்.

"அண்ணி, சாப்டீங்களா? இல்ல, வவ்வாலோட சேர்ந்து புழு தின்னுட்டீங்களா?"

"சாப்டேன்."

"பொய். குரல்லயே தெரியுது. அண்ணனுக்கு நீங்க அழவே இல்லைன்னு ஆளாளுக்குப் பேசுறாங்க. பேசிட்டுப் போகட்டும். என்கிட்ட வந்து ஒரே ஒரு தடவை அழுதுடுங்க. நானும் கூட அழறேன், கணக்கு சரியாயிடும்."

"சாயங்காலம் வண்டி ஏறிடுறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. பன்னெண்டு மணிக்கெல்லாம் இங்க முடிஞ்சிடும்."

பதினோரு மணிக்கு உள்ளே போனாள். வெளியே நல்ல வெயில். வௌவால்களுக்காகப் பகலை இரவாக்கி வைத்திருந்த அந்த அறைக்குள் அதில் ஒரு நூல்கூட நுழையாது. விளக்கின் சுவிட்சும் கதவின் தாழ்ப்பாளும் வெளிப்பக்கம்தான் இருந்தன.

"என்ன ஆனாலும் பன்னெண்டுக்கு முன்னாடி திறக்காதீங்க. இன்னைக்கு ஒரு நாள் நான் தனியா இருக்கணும்," என்றாள் புழுக்காரரிடம்.

"சரிங்க மேடம். நான் பின்கட்டுல டப்பாவெல்லாம் கழுவிட்டு இருக்கேன்."

தாழ்ப்பாள் விழுந்தது.

நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். வௌவாலின் கீச்சு மனிதக் காதுக்குக் கேட்காது. அவளுடைய கருவி ஒரு கீச்சைப் பிடித்து, இருபது மடங்கு மெதுவாக்கி, உடனே காதில் போடும். முதலில் கீச்சு, பிறகு அது எதிலோ பட்டுத் திரும்பிய எதிரொலி. டிக்… டக். நடுவில் உள்ள இடைவெளிதான் தூரம். தூரம் குறைந்தால் இடைவெளியும் குறையும். பதினோரு வருடப் பழக்கத்தில் அவளுக்குக் காதாலேயே மீட்டர் தெரியும்.

லேப்டாப்பில் ஒரு பக்கம் கோடுகள் ஓடின. மறுபக்கம் பழைய பதிவுகள் பிரதி ஆகிக்கொண்டிருந்தன. எல்லாம் முடிந்து ஒன்றே ஒன்று மிஞ்சியது. அன்றைய பதிவு.

அதையும் விட்டுவிட்டுப் போக முடியாது. தொட்டாள். படம் தானாகத் திறந்துகொண்டது.

ஏணியின் உச்சியில் ஒரு சின்ன வெற்றிடம். அது அவர். முடிச்சுப் போடுகிறார். கோடுகள் அவரைச் சுற்றிப் போகின்றன.

ஏணிக்கு அடியில் இன்னொரு வெற்றிடம்.

அவள் அளவுகோலை இழுத்து வைத்தாள். கை தானாகவே செய்தது. தரையிலிருந்து உச்சிவரை இருநூற்று முப்பத்தொன்று. அறுபத்து மூன்றைக் கழிக்க ஒரு காரணமும் இல்லை. ஏழாம் எண் வளைந்ததும் இதே உயரத்துக்குத்தான்.

நேரத்தை நகர்த்தினாள். அடியில் நின்றது மேலே நீண்டது. ஏணி உச்சிவரை நீண்டது. சின்ன வெற்றிடம் ஒரே நொடியில் கீழே இறங்கியது. பிறகு தரையில் நீளமாக அவர். அவர்மேல் குனிந்தபடி அது. பதினாறு நிமிடமும் குனிந்தபடி. அறைக்கதவு திறந்தபோது நிமிர்ந்து, மூலைக்குப் போய் நின்றுகொண்டது.

குழாய் ஒழுகுவதை அவள் அதனிடம்தான் சொல்லியிருக்கிறாள்.

கத்தினாள். சத்தம் உதட்டோடு நின்றுவிட்டது. எழ வேண்டும். கதவு ஏழு எட்டு அடி. ஆனால் மூலையைக் கடந்துதான் போக வேண்டும். கண் மறுபடி திரைக்குப் போனது, இன்றைய கோடுகளுக்கு.

மூன்றாம் எண் மூலையை நேராகக் கடந்தது. ஒன்பதாம் எண்ணும் நேராக. ஏழாம் எண் மூலைக்குள்ளேயே புகுந்து வெளியே வந்தது.

மூலை காலி.

ஒரு மூச்சு விட்டாள். ஒன்றுதான் விட முடிந்தது. அவளுடைய நாற்காலி இருக்கும் இடத்தைத் திரையில் பார்த்தாள். உட்கார்ந்த பெண்ணுக்குரிய வெற்றிடம். அதற்குப் பின்னால், ஒட்டினாற்போல், உயரமாக இன்னொன்று.

அப்போது வௌவால்கள் இறங்கின. பன்னிரண்டும் எதிர்ச்சுவர் வலையில் ஒன்றாகப் போய்த் தொங்கின. கோடுகள் நின்றன. திரை கறுத்தது.

இனி பார்க்க வழியில்லை. காது மட்டும்தான்.

வௌவால்கள் தொங்கியபடியே கீச்சிட்டன. அவளை நோக்கி.

டிக்… டக். டக்.

முதல் எதிரொலி அவள். ஐந்து மீட்டர். இரண்டாவது அவளுக்குப் பின்னால் அரை மீட்டர்.

டிக்… டக்.டக்.

ஒரு சாண்.

மணி பதினொன்று இருபது. பின்கட்டில் புழுக்காரர் டப்பா கழுவிக்கொண்டிருப்பார். மெஷின் எண்ணெய் வாடை வருகிறதா? இல்லை. எந்த வாடையும் இல்லை. எச்சத்தின் காரம்கூட இல்லை.

டிக்… டக்.

ஒரே எதிரொலி.

நான்கு மாதத்தில் முதல்முறையாக அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அதன் சூடு கன்னத்தில் நன்றாகத் தெரிந்தது. அசையவில்லை. கையிரண்டும் மடியிலேயே இருந்தன.

ஹெட்ஃபோனின் இடது பக்கம் மட்டும், மெல்ல, காதைவிட்டு மேலே போயிற்று.