எட்டாவது கவர்

மூன்று பன்னிரண்டுக்கு லிஃப்ட் நின்றது.

விளக்கு அணைந்தது. தலைக்கு மேல் ஓடிய விசிறியும் ஓய்ந்தது.

“அக்கா, வீடு வந்துடுச்சா?” என்றான் வாண்டு.

“இல்லடா. கரண்ட் போயிடுச்சு. இப்போ வந்துடும்.”

அவளுக்குப் பதினொரு வயது. தட்டு, மேசை, கதவு என்று கையில் அகப்பட்டதையெல்லாம் தட்டுவதால் வீட்டில் அவள் பெயர் டமாரம். தம்பிக்கு ஐந்து வயது. பள்ளியிலிருந்து அவனை அழைத்து வருவது அவள் பொறுப்பு. மருந்துக்கடையில் வேலை முடிந்து அம்மா ஆறு மணிக்குத்தான் வருவாள்.

டமாரம் அவசர மணியை அழுத்தினாள். அடிக்கவில்லை. கதவைக் குத்தினாள். கத்தினாள்.

நான்காம் மாடியில் தச்சர்கள் அலமாரி செய்துகொண்டிருந்தார்கள். கரண்ட் போனால் சுத்தியலுக்கு என்ன? டக், டக், டக். அவள் குத்தியதும் அந்தச் சத்தத்தில் கரைந்துபோனது.

“யாரும் வரல அக்கா.” வாண்டுவின் குரல் உடைந்தது.

அவனை அழவிடக் கூடாது. அழுகை முற்றினால் அவனுக்கு மூச்சு அடைத்துக்கொள்ளும். உதடு நீலமாகிவிடும். போன மாதம் அப்படி ஆனபோது அம்மா செருப்புகூடப் போடாமல் அவனைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினாள்.

இருட்டில் அவன் கையைத் தேடிப் பிடித்தாள். ஜில்லென்று இருந்தது.

“வாண்டு, சங்கிலிப் பாட்டு வாசிப்போமா?”

“இங்கேயா?”

“இங்கேதான். எவ்வளவு பெரிய டிரம் பாரு.” லிஃப்டின் சுவரை ஓங்கித் தட்டினாள். அது முழங்கியது.

சங்கிலிப் பாட்டு என்பது அவளே வைத்த பெயர். அது ஒரு ஹெவி மெட்டல் பாட்டு. அம்மா பிறப்பதற்கு முன்பே கலைந்துபோன ஒரு பேண்டுடையது. முதலில் சங்கிலி குலுங்கும். பிறகு டிரம் மட்டும், டம், டம், டம். அடுத்து கிதார் வந்து காதைப் பிய்க்கும்.

ஒரிஜினல், கேசட்டில் மட்டும் வந்ததாம். எங்கே தேடியும் அவளுக்குக் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் கவர்தான், மற்ற பேண்டுகள் அதே பாட்டைத் தங்கள் பாணியில் வாசித்தவை. ஏழு கவர் சேர்த்து வைத்திருந்தாள். நோட்டில் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டிருந்தாள். ஒன்றுக்கு மட்டும் சைபர். அதில் பாடியவர் தூங்கிக்கொண்டே பாடியிருந்தார்.

அவள் அந்தப் பாட்டைப் போட்டால் கீழ்வீட்டிலிருந்து ஒரு குத்து வரும். கீழே, இரண்டாம் மாடியில், கடிகாரம் பழுதுபார்ப்பவர் இருந்தார். யாரிடமும் பேசமாட்டார். துடைப்பக் கட்டையால் தன் வீட்டுச் சீலிங்கில் ஒரே ஒரு குத்து. தொம். “சத்தத்தைக் குறைடி, சண்டைக்கு வந்துடப் போறார்” என்பாள் அம்மா. அவரைப் படியில் பார்த்தால் டமாரம் சுவரோடு ஒட்டிக்கொள்வாள்.

“நீதான் சங்கிலி.” வீட்டுச் சாவிக்கொத்தைத் தம்பியிடம் கொடுத்தாள்.

அவன் மூக்கை உறிஞ்சினான். “இதுவும் கவரா?”

“ஆமா. எட்டாவது.”

“எனக்கு சைபர் போடக் கூடாது.”

“ஒழுங்கா குலுக்கு. பார்க்கலாம்.”

சாவி குலுங்கியது. அவள் இரண்டு கையாலும் சுவரை அடித்தாள். டம், டம், டம்.

மேலே சுத்தியல். வேறொன்றும் இல்லை.

“மறுபடி.”

இன்னொரு தடவை. அதற்கும் பதில் இல்லை. மூன்றாவது தடவை சாவி கீழே விழுந்தது.

“எனக்கு அழுகை வருது அக்கா.”

“இப்போ வேணாம். சங்கிலி நின்னா பாட்டே கிடையாது.” மண்டியிட்டுத் தரையைத் துழாவினாள். சாவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

சாவி. டம், டம், டம்.

தொம்.

எங்கோ மேலிருந்து வந்தது. அவள் கை அப்படியே நின்றது.

“துடைப்பம்,” என்று கிசுகிசுத்தான் வாண்டு. “கோபமா இருக்காரா?”

“தெரியல. இரு.”

டம், டம், டம்.

தொம்.

அதே இடம். முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. கோபத்தில் குத்துகிறவர் தாளம் பார்த்தா குத்துவார்?

அவள் மறுபடி அடித்தாள். இந்த முறை தொம் வரவில்லை. இன்னொரு தடவை. வரவில்லை.

“போயிட்டார்.” வாண்டு விக்கினான். ஒரு விக்கல். இன்னொன்று. அவன் மூச்சு பாதியில் நின்று நின்று வந்தது.

அவனை மடியில் இழுத்துக்கொண்டாள். ஒரு கை அவன் முதுகைத் தடவியது. மறுகை சுவரை அடித்தது. உள்ளங்கை எரிந்தது.

டம், டம், டம்.

தொம்.

தலைக்கு நேர் மேலே, இரண்டாம் மாடி லிஃப்ட் கதவில்.

“யாரு உள்ளே?”

“நாங்கதான் அங்கிள். மூணாவது மாடி. தம்பிக்கு மூச்சு முட்டுது.”

“பயப்படாதீங்க. காவலாளியைக் கூட்டிட்டு வரேன். அடிக்கிறதை நிறுத்தாதே.”

அவள் நிறுத்தவில்லை. வாண்டுவும் சாவியை விடவில்லை.

காவலாளி மேல்தளத்துக்கு ஏறி, லிஃப்டின் சக்கரத்தைக் கையால் சுற்றி அதை இறக்கினார். முதல் மாடியில் கதவு திறந்தது. வெளிச்சத்தில் தம்பியின் உதட்டைத்தான் முதலில் பார்த்தாள். சிவப்பாகவே இருந்தது.

கடிகாரக்காரர் எதிரே நின்றிருந்தார். பூதக்கண்ணாடி இன்னும் நெற்றியில். கையில் துடைப்பக் கட்டை.

“கரண்ட் இல்லாம பாட்டு எப்படி வருதுன்னு யோசிச்சேன்,” என்றார்.

மேலிருந்து இறங்கி வந்த காவலாளி வியர்வையைத் துடைத்தார். “நான் தச்சு வேலைன்னு நினைச்சேன் சார்.”

“எந்தத் தச்சன்யா தாளத்துல அடிக்கிறான்?” பிறகு அவளிடம் திரும்பினார். “அது மூணு அடி இல்லம்மா. நாலு. எட்டு மாசமா சொல்லிட்டிருக்கேன்.”

“எப்போ சொன்னீங்க?”

அவர் கட்டையைத் தரையில் ஒரு முறை குத்தினார். தொம்.

“அக்கா, எனக்கு எத்தனை மார்க்?” வாண்டு அவள் கையை இழுத்தான்.

அவள் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு கவரிலும் மூன்று அடிதான்.

“அங்கிள், ஒரிஜினல் கேசட் உங்ககிட்ட இருக்கா?”