பச்சைக் கேடயம் தின்ற ஃபோல்டர்

சனிக்கிழமை காலை 8.20. வரதராஜன்பேட்டையில் சுகன்யா மேரி வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தாள். இரண்டு வருட உழைப்பு இருந்த இடத்தில் எதுவும் இல்லை.

டி டிரைவில் 'கரும்பு' என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தது. எந்த வயலுக்கு எந்தத் தேதியில் வெட்டு என்று கணக்கிட்டுச் சொல்லும் புரோகிராம் அது. எறையூர்ப் பக்கத்துக் கரும்பு விவசாயிகளிடம் கேட்டுக் கேட்டு அவளே எழுதியது. அன்று மதியம் மூன்று மணிக்கு, திருச்சியில் இருக்கும் ஒரு மென்பொருள் கம்பெனிக்கு வீடியோ அழைப்பில் அதை ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் வேலை.

8.26க்கு பெரம்பலூரில் கலையரசியின் போன் அடித்தது. பஸ் ஸ்டாண்டுக்கு அருகே கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவள். கல்லூரியில் சுகன்யாவுக்கு இரண்டு வருடம் மூத்தவள்.

"அக்கா, காணோம்க்கா. கரும்பு மொத்தமும் காணோம்."

"பென் டிரைவ்ல காப்பி வச்சிருந்தியே?"

"ஜெயங்கொண்டத்துல ஒரு ஜெராக்ஸ் கடையில சொருவுனேன், வைரஸ் ஏறிடுச்சு. தம்பி லியோ நேத்து அத சுத்தமா அழிச்சிட்டான். அதுக்கப்புறம்தான் ஓசி ஆண்டிவைரஸ் ஒண்ணு போட்டான்."

"எத போட்டான்?"

"நீங்க சொன்னதத்தான்க்கா. பச்சைக் கேடயம்."

கலையரசி கடையைப் பூட்டிவிட்டு அரியலூர் பஸ்ஸில் ஏறினாள்.

உட்கார இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு, கடையில் ஆள் நிற்கும்போது, சுகன்யாவின் தம்பி லியோ பிரபு போன் செய்திருந்தான். "அக்கா, எட்டுப் பேர் எட்டு சொல்றாங்க. வூட்டு கம்ப்யூட்டருக்கு ஓசியில எது நல்லது?" அவள் தோளில் போனை இடுக்கிக்கொண்டே அடுக்கினாள். பச்சைக் கேடயத்தைப் போடு. தயாரிச்சவங்க பக்கத்துலேர்ந்து மட்டும் இறக்கு. நடுவுல வேற எதையாவது சேர்த்து ஏத்தவான்னு கேக்கும், அந்த டிக்கை எடுத்துடு. ஏற்கெனவே இருக்கிறத நீக்கிட்டுப் போடு, ரெண்டு இருந்தா ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டும்.

எல்லாம் சரியான பேச்சு. ஒன்றை மட்டும் சொல்லவில்லை. வீட்டில் எழுதிய புரோகிராமை எந்த ஆண்டிவைரஸுக்கும் அடையாளம் தெரியாது, சந்தேகப்பட்டுப் பிடித்துக்கொள்ளும். அந்த வீட்டில் அப்படி ஒன்று இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். இருந்தும் சொல்லவில்லை.

அரியலூரில் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. டிக்கெட்டை மடித்து மடித்துப் பட்டாணி அளவுக்கு ஆக்கியிருந்தாள்.

11.40. வீட்டு வாசலில் காயப்போட்டிருந்த முந்திரிக்கொட்டையைத் தாண்டி உள்ளே போனாள். முன்னறையில் சுவரோரமாகக் கம்ப்யூட்டர். அதற்கடுத்த அறையில் மாதா சுரூபம், இரண்டு மெழுகுவர்த்தி. நடுவில் கதவில்லாத ஒரு வழி மட்டும்.

சுகன்யா கண் வீங்கி நின்றாள். அம்மா லீலா மேரி, பள்ளிக்கூட டீச்சர், கையில் தண்ணீர்ச் செம்போடு வந்தார். அப்பா அருளானந்தம் முந்திரித் தோப்பிலிருந்து பாதியில் திரும்பியிருந்தார். லியோ சிமெண்ட் ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்த சிவந்த கண்ணோடு சுவரில் சாய்ந்திருந்தான். கம்ப்யூட்டர் நாற்காலியில் அமர்ந்திருந்தவர் லீலா மேரியின் தம்பி சகாய ஆனந்த். ஜெயங்கொண்டத்தில் கம்ப்யூட்டர் கடை. வீடு இரண்டு தெரு தள்ளி. பதினோரு வருடமாக இந்த வீட்டுக்குக் காசு கொடுத்து வாங்கும் ஆண்டிவைரஸைப் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். போன வாரம் அதன் கெடு முடிந்தது. இந்த முறை யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

"வாங்க மேடம்," என்றார். "உங்க ஓசி சாமான் என் அக்கா மக வாழ்க்கையத் தின்னுடுச்சு. செபமாலையில அருள் நிறைந்த மரியே பத்தா பதினொன்னான்னு எண்ணத் தெரியாத பய, ஆண்டிவைரஸ் தேர்ந்தெடுத்தா இப்படித்தான்."

லியோவின் காது சிவந்தது. "மாமா, காலைலேர்ந்து ஆரம்பிச்சிட்டீங்க."

"நவுருங்க சார், பாக்கணும்," என்றாள் கலையரசி.

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? இத மொதல்ல தூக்கிட்டு என்னோடத ஏத்துறேன். அப்புறம் தேடுவோம்."

"யாரும் எதையும் தூக்க வேணாம்."

அவர் எழுந்தார். அவள் உட்காராமல் குனிந்தே மவுஸைப் பிடித்தாள்.

12.05. பச்சைக் கேடயத்தில் தனிச்சிறை என்று ஒரு பகுதி உண்டு. பிடித்த கோப்புகளை அழிக்காமல் அங்கேதான் அடைத்து வைக்கும். அது காலியாக இருந்தது. நேற்றைய சோதனை அறிக்கையைத் திறந்தாள். தொடக்கம் மாலை 6.52. முடிவு 8.31. பிடிபட்டவை: பூஜ்யம்.

அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. தவறு தன்னுடையதாக இருந்தால் திருத்தத் தெரியும். இப்போது எங்கே தேடுவது என்றே தெரியவில்லை.

12.50. குப்பைத்தொட்டி காலி. பெயர் போட்டுத் தேடினாள், இல்லை. அழிந்த கோப்புகளின் தடம் தேடும் கருவியை ஓட்டினாள். டி டிரைவில் பழைய பாட்டு, பழைய படம் எல்லாவற்றின் தடமும் வந்தது. கரும்பின் தடம் வரவில்லை.

"அப்படின்னா?" என்றாள் சுகன்யா.

"அழியல. அதே டிரைவ்ல எங்கயோ நகந்திருக்கு."

"வைரஸ் நகர்த்தும்," என்றார் சகாய ஆனந்த்.

கலையரசி அறையின் குறுக்கே நடந்தாள். வாசல்வரை போனாள், திரும்பினாள். கடிகாரம் 1.10.

"நேத்து சாயங்காலம் என்ன நடந்துச்சு? ஒவ்வொருத்தரா சொல்லுங்க. லியோ?"

"ஆறரைக்குள்ள ஏத்தி முடிச்சேன். ஆறு அம்பத்திரெண்டுக்கு முழு சோதனை போட்டுவுட்டேன். ஏழு மணிக்கு செபமாலை."

"செபமாலை நேரத்துல கம்ப்யூட்டர் கிட்ட யாரு?"

"யாருமில்ல," என்றார் அருளானந்தம். "இந்த வூட்ல ஏழு மணிக்கு எல்லாரும் சுரூபத்துக்கு முன்னாடி முட்டிபோடணும். யார் வந்தாலும் எந்திரிக்க மாட்டோம், திரும்பிப் பாக்க மாட்டோம்."

"வர்றவங்களுக்கும் தெரியும்," என்றார் லீலா மேரி. "நடுவுல கூப்புட மாட்டாங்க."

"யாரும் நடுவுல எந்திரிக்கலியே?"

"எங்க எந்திரிக்கறது? ஆளுக்கு ஒரு பத்து, அதாவது பத்து தடவ 'அருள் நிறைந்த மரியே' சொல்லணும். மொத பத்து அவரு, ரெண்டாவது நான், மூணாவது சுகன்யா, நாலாவது லியோ, அஞ்சாவது எல்லாரும் சேந்து." சிரிப்பு வரப் பார்த்து அடக்கிக்கொண்டார். "அவன் நேத்து செபமாலைய பைக் பெட்டியிலயே விட்டுட்டான். வெரல் விட்டு எண்ணி பதினொன்னு சொல்லிட்டான். சுகன்யா சிரிச்சிட்டா. அவங்கப்பாவுக்குக் கோவம்."

"எப்பவும் அப்படித் தப்பு விடுவானா?"

"இல்ல இல்ல. மணி கையில இருந்தா எப்படித் தப்பும்? நேத்துதான்."

"முடிஞ்சதும் அதப் பத்திப் பேசினீங்களா?"

"எங்க? அவரு மூஞ்சிய உர்ருனு வச்சிருந்தாரு. லியோ சாப்புட்டுட்டு உடனே ஷிப்டுக்குப் போயிட்டான். யாரும் வாயத் தொறக்கல."

"நீங்க எப்ப வந்தீங்க சார்?"

சகாய ஆனந்த் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "நானா? ஏழே முக்கால் இருக்கும். எல்லாம் முடிஞ்சு அக்கா இட்லி எடுத்துட்டு இருந்துச்சு. மச்சான் இங்க உக்காந்திருந்தாரு."

"ஆமா," என்றார் அருளானந்தம். "அப்பதான் உள்ள வந்தான்."

கலையரசி திரைக்குத் திரும்பினாள். அவள் விரல் மேசையில் தாளம் போட்டது, நின்றது. பச்சைக் கேடயத்தின் அமைப்புகளைத் திறந்து, இதுவரை யாரும் திறக்காத ஒரு பக்கத்துக்குப் போனாள். படித்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். 1.48.

"சுகன்யா, உன் ஃபோல்டர் பத்திரமா இருக்கு."

சுகன்யா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆண்டிவைரஸ் எதைப் பிடிச்சுதுன்னு எல்லாரும் பாப்பாங்க. எதைத் தொடாதேன்னு அதுக்குச் சொல்லி வச்சிருக்குன்னு யாரும் பாக்கறதில்ல. இங்க ஒரு பட்டியல் இருக்கு. இதுல ஏத்துற இடத்த சோதனை எட்டிக்கூடப் பாக்காது. நேத்து புதுசா போட்ட சாமான்ல இந்தப் பட்டியல் காலியா இருக்கணும். ஆனா ஒரு வரி இருக்கு. டி டிரைவ்ல, பழைய பிரிண்டர் ஃபோல்டருக்கு உள்ள, கண்ணுக்குத் தெரியாம மறைச்சு, பேர் மாத்தி வச்ச ஒரு ஃபோல்டர். சேத்த நேரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் 7.18."

"ஏழு பதினெட்டா?" லியோ நிமிர்ந்தான். "அப்ப நாங்க எல்லாரும் முட்டி போட்டிருந்தோம்."

"அதான். ஒளிச்ச ஆளுக்கு உன் அக்கா புரோகிராம அழிக்க மனசில்ல. சோதனை ஓடிட்டு இருக்கு, டி டிரைவுக்கு வந்தா இதப் பிடிச்சுடுமேன்னு பயந்து, தொடாதேன்னு சொல்லி வச்சிருக்காரு. வைரஸுக்கு அந்த அக்கறை கிடையாது. வெளித் திருடனுக்கும் கிடையாது. இப்படி ஒரு பட்டியல் இருக்குன்னு தெரிஞ்ச, தொழில் தெரிஞ்ச, இந்தப் பொண்ணு மேல பிரியமும் இருக்கிற ஆளு."

யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"நான் வந்து நின்னவுடனே இத தூக்கிடலாம்னு ஒருத்தர் சொன்னாரு. தூக்கியிருந்தா இந்த வரியும் போயிருக்கும். அதுக்கும் முன்னாடியே பத்தா பதினொன்னான்னு லியோவ கேலி பண்ணாரு. லியோ வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான் பதினொன்னு சொல்லியிருக்கான். நேத்து, நாலாவது பத்துல. அத யாரும் வெளிய சொல்லல. ஏழே முக்காலுக்கு வந்தவருக்கு அது எப்படித் தெரியும், சகாய ஆனந்த் சார்?"

அவர் அக்காவைப் பார்த்துத்தான் பேசினார்.

"வந்தேன்க்கா. நீங்க முட்டி போட்டிருந்தீங்க. நடுவுல கூப்புடக் கூடாதுன்னு நாற்காலியில உக்காந்தேன். திரையில பச்சையா அது ஓடிக்கிட்டு இருக்கு. பதினோரு வருஷம்க்கா. ஒரு வார்த்த சொல்லல நீங்க. தெருவுல ரெண்டு பேரு, லியோவே ஓசியில போடப் போறானாம், எங்களுக்கும் அதே போதும்னாங்க."

"அதுக்காகவா?" என்றார் லீலா மேரி.

"ராத்திரியே பதறிப் போய்க் கூப்புடுவீங்க, வந்து தேடி எடுத்துக் குடுத்தா என் அருமை தெரியும்னு நெனச்சேன். வெளிய போய் நின்னுட்டு, முடிஞ்சப்புறம் திரும்ப வந்தேன். ஆனா நேத்து யாரும் தேடவே இல்ல. காலைல ஓடி வந்தா இந்தம்மாவ கூப்புட்டாச்சுன்னாங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

சுகன்யா தரையிலிருந்தே சொன்னாள். "நான் அழுவுறத காலைலேர்ந்து பாத்துக்கிட்டே இருந்தீங்களே மாமா."

அருளானந்தம் கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார். லியோ அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். சகாய ஆனந்த் நகரவில்லை.

"அப்பா, சண்டைய நாலு மணிக்கு வச்சுக்குங்க," என்றாள் சுகன்யா, எழுந்து முகத்தைத் துடைத்தபடி. "அக்கா, எடுங்க."

2.10. கலையரசி ஃபோல்டரை நகலெடுத்துப் பழைய இடத்தில் போட்டாள். மூன்று நொடி. திரையின் மூலையில் பச்சைக் கேடயம் துடித்தது. சந்தேகத்துக்குரிய புரோகிராம், தனிச்சிறையில் அடைக்கப்பட்டது.

வாசல் நிலையருகே சகாய ஆனந்தின் முகத்தில் ஏதோ வெளிச்சம் வந்தது. "பாத்தீங்களா? நான் ஒளிக்கலேன்னா..."

"ஒளிக்கலேன்னா இது நேத்தே ஜெயில்ல இருந்திருக்கும்," என்றாள் கலையரசி. "ரெண்டு நிமிஷத்துல மீட்டிருப்போம், இப்படி." இரண்டு அழுத்து, கோப்பு திரும்பி வந்தது. "அதுவும் சொல்றேன். வூட்ல எழுதுன புரோகிராம் இருந்தா முதல்ல இத சொல்லி வைக்கணும்னு லியோகிட்ட நான் சொல்லல. அது என் தப்பு. அவசரத்துல சொன்ன யோசனை."

பழைய இடத்தையும் தொடக்கூடாதவை பட்டியலில் சேர்த்தாள். புதிய பென் டிரைவ் ஒன்றில் நகல் எடுத்து சுகன்யாவின் கையில் கொடுத்தாள். புரோகிராமை ஓட்டினார்கள். ஓடியது. மறுபடி ஓட்டினார்கள். 2.40. 2.55. லீலா மேரி எல்லா ஜன்னலையும் சாத்தினார்.

மூன்று மணிக்குத் திரையில் ஒரு கண்ணாடிக்காரர் வந்தார். கரும்பு வயல்கள், தேதிகள், முறைகள் என்று சுகன்யாவின் குரல் முதலில் நடுங்கியது, பிறகு நடுங்கவில்லை. இருபது நிமிடம். அவர் எதையோ குறித்துக்கொண்டே இருந்தார். முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை.

"ஒரே கேள்வி, சுகன்யா," என்றார் கடைசியாக. "இது பெரிய கம்பெனி பேர் போட்ட புரோகிராம் இல்ல. விவசாயிங்க வூட்ல விதவிதமா ஆண்டிவைரஸ் வச்சிருப்பாங்க. இத வைரஸ்னு பிடிச்சா என்ன ஆகும்? எங்கயாவது சோதிச்சுப் பாத்தீங்களா?"

சுகன்யா ஒருமுறை வாசல்பக்கம் பார்த்தாள். மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

"பாத்தோம் சார்," என்றாள். "நேத்து சாயங்காலம் ஏழு பதினெட்டுலேர்ந்து. முழுசா சொல்லவா?"

கண்ணாடிக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். "சொல்லுங்க."